கணவாய்க்கு இந்தப் பக்கம்

ஆண்டிபட்டிச் சக்கம்பட்டியில் தறிச்சத்தம் நின்றது 2020 மார்ச் 24ஆம் தேதி சாயங்காலம். ஆறு மணிக்கு மேல் 144 தடை உத்தரவு என்று மைக் கட்டிய ஆட்டோ ஒன்று சொல்லிக்கொண்டே போனது. அது தெருவைத் தாண்டத் தாண்ட, ஒவ்வொரு வீடாக விசைத்தறி அடங்கியது. ஆண்டிபட்டியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை, நின்றால்தான் தெரியும். கரண்ட் போனால் நிற்கும், வந்தால் ஓடும். அன்றைக்கு நின்றது அந்த மாதிரி இல்லை. கடைசித் தறியும் நின்றபோது, அடுத்த தெருவில் ஒரு குழந்தை இருமுவது என் கட்டில்வரை கேட்டது.

முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையும் ஒரு நூல் சிப்பமும் வைத்துச் சாய்ந்திருந்தேன். மல்லாந்து படுக்கக் கூடாது. படுத்தால் வயிற்றில் இருப்பது தொண்டைக்கு வந்துவிடும். தடுத்து நிறுத்த உள்ளே கதவு எதுவும் இனிமேல் கிடையாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு மதுரையில் ஆபரேஷன் முடித்து வீடு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வலது விலாவில் ஒரு தையல், வயிற்றில் ஒன்று, கழுத்தில் ஒன்று. நோய் பிடித்த குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையையே ஒடுக்கிக் குழாயாகத் தைத்து, நெஞ்சு வழியாக மேலே இழுத்துக் கழுத்தில் சேர்த்திருந்தார்கள். மூன்று இடத்தில் திறந்து செய்கிற இந்த முறையை மெக்கியூன் என்ற சர்ஜன் 1976இல் எழுதிவைத்தார் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வயிற்றின் இடப்பக்கம் தொங்கிய ரப்பர் டியூப்தான். சோறு தண்ணி பெரும்பாலும் அது வழியாகத்தான்.

நெசவாளர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். யாருக்கு எத்தனை கிலோ நூல் போனது, எத்தனை சேலை திரும்பி வந்தது, கூலி எவ்வளவு, பாக்கி எவ்வளவு. இந்தக் கணக்கு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் பெரிய கவலை இருந்ததில்லை. முந்தைய வருஷம் ஆடியில் தோசை நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தால் இறங்கியது. பிறகு சோறு நின்றது. எண்டோஸ்கோப்பி, சதைச் சோதனை, ஸ்கேன். முதலில் கீமோவும் கரண்ட் வைப்பதும். கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன். இப்படி முன்கூட்டியே மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துவிட்டு வெட்டினால் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்று நெதர்லாந்து மருத்துவர்கள் 2012இல் காட்டிய வழி அது. கரண்ட் வைக்கப் போன நாளெல்லாம் தேனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கணவாய் ஏறி இறங்கி, உசிலம்பட்டி தாண்டி, ஆரப்பாளையத்தில் இறங்குவேன். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அந்தத் தூரம் அன்றைக்கு ஒரு தூரமாகவே படவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கம்பத்துக்காரர் ஒருவர் இருந்தார். வாழைத்தார் ஏற்றி இறக்குகிறவர். எனக்குச் செய்த அதே ஆபரேஷன் அவருக்கு இரண்டு நாள் முன்னால் நடந்திருந்தது. நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் சாதனம் கொடுத்திருந்தார்கள். மூன்று அறை, அறைக்கொரு பந்து. குழாயில் வாய் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து எழும்பவேண்டும். விலாவில் தையல் போட்டவனுக்கு மூச்சு இழுப்பது என்ன என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு முதல் பந்தே அசையவில்லை. அவர் இழுத்தார். முதல் பந்து எழுந்தது, இரண்டாவது எழுந்தது, மூன்றாவது நடுங்கிக்கொண்டு அரை அங்குலம் வந்து விழுந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது அவருக்கு. என்னைத் திரும்பிப் பார்த்து, “அண்ணே, வாழைத்தார் தூக்குன நெஞ்சு, பந்து தூக்காதா?” என்றார். சிரிக்கக் கூடாது, தையல் பிரியும் என்று சிஸ்டர் சத்தம் போட்டார். சிரித்தோம்.

அவர் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒட்டிப்போன கன்னம், வெயில் தின்ற நெற்றி. சுமை தூக்கித் தூக்கி வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். தையல் பிரியவில்லையா என்று பார்க்கச் சாய மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கசிவில்லை என்று வந்த அன்று, முதல் மடக்குத் தண்ணீரை அவர் எனக்கு முன்னால் குடித்தார். உடனே விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். “இனிக்குதுண்ணே” என்றார்.

எனக்குக் குரல் போயிருந்தது. கழுத்தில் வேலை பார்க்கும்போது குரல்நாணுக்குப் போகும் நரம்பு சோர்ந்துபோவதுண்டு, பலருக்கு மெல்லத் திரும்பும் என்றார்கள். வீட்டில் யாரையாவது கூப்பிடவேண்டுமானால் டம்ளரைக் கரண்டியால் தட்டுவேன். என் அம்மா அதைச் சகிக்கமாட்டாமல் ஒரு நாள் சொன்னார்: “எம்ஜியாருக்கும்தான் பேச்சு போச்சு. அந்த மனுசன் குளறிப் பேசுனப்ப ஊரே காது குடுத்துக் கேக்கலியா? நீ பேசுடா, நாங்க கேக்குறோம்.”

ஆண்டிபட்டிக்காரர்களுக்கு இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. 1984 டிசம்பர் தேர்தலில் எம்ஜியார் எங்கள் தொகுதியில்தான் நின்றார். நின்றார் என்று சொல்வதே தப்பு, நியூயார்க்கில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஊருக்குள் ஒரு தடவைகூட ஓட்டுக் கேட்டு வரவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற வீடியோவைத்தான் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அதைப் பார்த்து எங்கள் அம்மா உட்படத் தெருப் பெண்கள் அழுததும், அழுதுகொண்டே போய் ஓட்டுப் போட்டதும் கண்ணில் நிற்கிறது. பிப்ரவரியில் அவர் திரும்பி வந்தார், பேச்சு திரும்பவில்லை. பிற்பாடு ஜெயலலிதாவும் இங்கே நின்று ஜெயித்தார். கார்கள் வரும், கொடிகள் வரும், போகும். சீக்காளிக்கு ஓட்டுப் போட்ட ஊர் இது என்பது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

ஊரடங்கில் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லவேண்டும். கஞ்சியை வேகவைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, ஆறவைத்து, பெரிய சிரிஞ்சில் ஏற்றி, என் மனைவி டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவாள். வேகமாக விட்டால் வயிறு முறுக்கும். முடிந்ததும் வெந்நீர் விட்டுக் கழுவவேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். பாவுக்குப் போடுகிற கஞ்சியின் வாசத்தில் வளர்ந்தவள் அவள், பதம் தப்பாது. வாய் வழியாக நான் எடுத்துக்கொண்டது இரண்டு ஸ்பூன் இட்லி, அரை டம்ளர் மோர். பசி என்ற ஒன்று வரவேயில்லை. மணியைப் பார்த்து விழுங்கினேன்.

அதைவிடக் கஷ்டம் வேறு. எனக்கு முன்னால் யாரும் சாப்பிடவில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, வட்டில் சத்தம் வராமல் சாப்பிட்டார்கள். தாளிப்பு வாசம் வந்தால் எனக்கு ஏக்கமாகிவிடும் என்று அம்மா ரசத்துக்குத் தாளிப்பதையே விட்டுவிட்டார். என் மகள் படிப்பதாகச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குத் தட்டை எடுத்துப் போவதைப் பார்த்தேன். கம்பத்துக்காரரிடம் போனில் சொன்னேன். என் குரல் அவருக்கு முழுசாகக் கேட்டிருக்காது. “எங்க வீட்லயும் அதே கதைதாண்ணே. நான் திட்டிட்டேன். செத்த வீடாடா இது, ஒளிஞ்சு திங்கிறீக, கொண்டாந்து முன்னால வச்சுத் தின்னுங்கடான்னேன்” என்றார். அன்று ராத்திரி நான் டம்ளரைத் தட்டினேன். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடுகும் கறிவேப்பிலையும் பூண்டும் வெடித்த வாசம். நாக்கடியில் எச்சில் ஊறியது. என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைக்க ஆரம்பித்தது அங்கேதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இல்லை.

வெளியே மல்லிகைத் தோட்டங்களில் பூ பறிக்க ஆள் வரவில்லை. பறித்தாலும் வாங்க மார்க்கெட் இல்லை. செடியிலேயே மலர்ந்து உதிர்ந்தன. ராத்திரிக் காற்றில் அந்த வாசம் வீட்டுக்குள் வரும். தறிக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து, கூலி எப்போது வரும் என்று என்னிடம் சன்னல் வழியாகக் கேட்பார்கள். பதில் சொல்ல எனக்குக் குரலும் இல்லை, பதிலும் இல்லை. அப்படியும் யாராவது ஒருத்தர் வேப்பமரத்தடியில் இரண்டு முட்டையோ ஒரு செம்புப் பாலோ வைத்துவிட்டுப் போவார். வேலையில்லாதவர்கள் வீட்டு முட்டை அது.

ஏப்ரலில் ஒரு நடுச்சாமம். திரும்பிப் படுத்தபோது டியூப் எங்கேயோ மாட்டி, தையல் பிய்ந்து, முழுசாக வெளியே வந்துவிட்டது. மனைவி டார்ச் அடித்துப் பார்த்தாள், போர்வையெல்லாம் கஞ்சித் தண்ணி. டாக்டருக்குப் போன் போட்டால், துணியை வைத்து அமுக்குங்கள், ஓட்டை சில மணி நேரத்தில் சுருங்கிவிடும், உடனே வாருங்கள் என்றார். 108க்குக் கூப்பிட்டால் வண்டி வேறு எங்கேயோ போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். காத்திருக்க முடியாது, மச்சான் எதிர்வீட்டுப் பால் வண்டிக்காரப் பையனை எழுப்பினான், அவன் சட்டைகூடப் போடாமல் ஓடிவந்து கேன்களை இறக்கி என்னைப் பின்னால் உட்காரவைத்தான். ‘அத்தியாவசியப் பொருள்’ என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வண்டி பறந்தது. ஊர் தாண்டி, காடு தாண்டி, கணவாய்.

மாவட்ட எல்லையில் தடுப்பு. லத்தியோடு வந்த போலீஸ்காரர் பாதி ராத்திரியில் பால் எங்கே போகிறது என்று அதட்டிக்கொண்டே பின்கதவைத் திறந்தார். முகத்தில் துண்டு கட்டியிருந்தார், கண் மட்டும் தெரிந்தது. டார்ச் வெளிச்சம் என் கழுத்துத் தையலில் நின்றது, பிறகு வயிற்றை அமுக்கியிருந்த மனைவியின் கையில். “பாஸ் இருக்கா?” என்று அவர் கேட்கவில்லை. தடுப்பைத் தானே இழுத்தார். “போங்கம்மா. உசிலம்பட்டியிலயும் மறிப்பாங்க, நான் போன் பண்ணிச் சொல்லிர்றேன்.” சொல்லியிருந்தார். அங்கே தடுப்பு முன்கூட்டியே திறந்திருந்தது. மதுரையில் இளம் டாக்டர் ஒருவர், மூட ஆரம்பித்திருந்த அந்த ஓட்டையில் மெல்லிய டியூப் ஒன்றைச் செலுத்தியபோது விடிந்துவிட்டது. பால் வண்டிக்காரப் பையன் வெற்று மேலோடு வாசலில் நின்று டீக்கடை தேடிக்கொண்டிருந்தான். எந்தக் கடையும் இல்லை.

இதே மாதிரி ஒரு அவசரம் கம்பத்தில் வந்தது. அங்கே பால் வண்டி இல்லை.

குழாயைச் சேர்த்துத் தைத்த இடம் ஆறும்போது சுருங்கும். நிறையப் பேருக்கு நடப்பதுதான். எண்டோஸ்கோப்பியில் பலூன் விட்டு விரித்துவிடுவார்கள். சிலருக்குத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். எனக்கும் செய்தார்கள், பால் வண்டியில்தான் போய் வந்தேன். கம்பத்துக்காரருக்கு டியூபை ஊரடங்குக்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார் என்று. மே மாதம் போனில் அவர் குரல் ஈரம் வற்றி வந்தது. கஞ்சி இறங்கவில்லை என்றார். ஒரு வாரத்தில் தண்ணீரும் இறங்கவில்லை. கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். வாழை லோடு நின்று வருமானம் நின்றிருந்தது. வாடகைக் கார்க்காரர் கேட்ட தொகை அவர் வீட்டில் இல்லை. மாவட்டம் தாண்டத் தேவைப்பட்ட இ-பாஸுக்கு மகன் செல்போனில் விண்ணப்பித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எங்கள் வண்டியை அனுப்ப மச்சான் அந்தப் பையனிடம் பேசி முடித்த அன்று சாயங்காலம், அவருடைய மனைவி கூப்பிட்டார். “வரவேணாம்ணே” என்றார்.

போயிருந்தால் அவர் பல வருஷம் இருந்திருப்பார் என்று நான் எழுதமாட்டேன். அது யாருக்கும் தெரியாது. தண்ணீராவது இறங்கியிருக்கும். அந்த நாட்களில் சாயங்காலம் டிவியில் எண்கள் சொல்வார்கள்: இன்று தொற்று இத்தனை, இறப்பு இத்தனை, மாவட்டவாரியாக. தேனி மாவட்டத்துக்கு நேரே சொன்ன எண்ணில் அவர் இல்லை. அவருக்குக் கொரோனா இல்லையே. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். வரவில் ஒரு ரூபாய் குறைந்தால் ராத்திரி தூக்கம் வராது. இந்த விடுபாட்டை எந்தப் பேரேட்டில் ஏற்றுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

செப்டம்பர் 1ஆம் தேதி மாநிலத்துக்குள் இ-பாஸ் வேண்டாம் என்றார்கள். 7ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது. தறிகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. நான் சங்கத்துக்குப் போன முதல் நாள், நூல் எடைபோடுகிற தராசில் என்னை ஏற்றி நிறுத்திப் பார்த்தார்கள். 49 கிலோ. ஆபரேஷனுக்கு முன்னால் 68. “ரெண்டு சிப்பம் குறையுது, எழுதிக்கங்க” என்றார் ஒரு தறிக்காரர். குரல் அப்போது பாதி திரும்பியிருந்தது, அந்தப் பாதியில் சிரித்தேன்.

புது உடம்போடு பழக ஒரு வருஷம் ஆனது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு வேளை, வேளைக்குக் கையளவு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி கழித்துக் குடிக்கவேண்டும். பொழுது சாய்ந்தபின் கனமாக எதுவும் இல்லை. கட்டில் தலைமாட்டுக் காலுக்கு நிரந்தரமாகச் செங்கல். மாமா வீட்டு விசேஷத்தில் பாயசம் குடித்த கால் மணி நேரத்தில் குப்பென்று வியர்த்து, நெஞ்சு படபடத்து, திண்ணையில் சரிந்தேன். இனிப்பு ஒரேயடியாகக் குடலுக்குள் இறங்கினால் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் விளக்கினார். அவ்வப்போது பி12 ஊசி. எடை பழையபடி ஏறவில்லை, இனிமேல் ஏறாது. ஆனால் நடக்கிறேன், மாடி ஏறுகிறேன். நாட்டுக்கோழி ரசம் ருசிக்கிறது. பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிற பையன்களுக்கு என் இலை தெரியும். கால் கரண்டிதான் வைப்பார்கள். பாதியில் எழுந்தாலும் யாரும் காரணம் கேட்பதில்லை.

இந்த ஆபரேஷனின் தொடக்கம் தேடிப் படித்தேன். 1913இல் நியூயார்க்கில் பிரான்ஸ் டோரெக் என்ற சர்ஜன், ஒரு பெண்ணின் நெஞ்சிலிருந்து உணவுக்குழாயை எடுத்திருக்கிறார். உள்ளே திரும்ப இணைக்க அன்றைக்கு வழி தெரியாது. கழுத்து ஓட்டைக்கும் வயிற்று ஓட்டைக்கும் நடுவே, உடம்புக்கு வெளியில் ஒரு ரப்பர் குழாயை வைத்துவிட்டார். அந்த அம்மாள் அதோடு பத்து வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார். டோரெக்கின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அத்தனை வருஷம் அந்த அம்மாள் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், யார் அவருக்கு ஆறவைத்துக் கொடுத்தார் என்பதைத்தான் நான் தேடினேன்.

2022 மே மாதக் கடைசியில் மதுரையிலிருந்து தேனிக்கு ரயில் விட்டார்கள். பழைய மீட்டர்கேஜ் 2010 கடைசியோடு நின்றுபோய், எங்கள் பிள்ளைகள் ரயிலே பார்க்காமல் வளர்ந்திருந்தார்கள். ஸ்டேஷனில் மாலை, மேளம், செல்போன் கூட்டம். அந்த வாரமே எனக்கு ஸ்கேன் இருந்தது. ரயிலில் போனோம். கணவாய்ப் பாறைகளுக்கு நடுவே வண்டி நிதானமாகப் போனபோது நான் டிபன்பாக்ஸைத் திறந்து ஒரு இட்லி சாப்பிட்டேன், உசிலம்பட்டியில் ஒரு வாழைப்பழம். மனைவி ஜன்னலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தடுப்பு இருந்த இடம் எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் காட்டினாள்.

இப்போது என் நம்பரை எப்படியோ வாங்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். போடியிலிருந்து, சின்னமனூரிலிருந்து, கடமலைக்குண்டிலிருந்து. ஆபரேஷன் முடிந்தவர் பேசமாட்டார், கூட வந்தவர் கேட்பார்: என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், பழையபடி ஆவாரா? கஞ்சிப் பதம் சொல்கிறேன், செங்கல் சொல்கிறேன், எல்லோரும் அவர் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்கிறேன். அதற்கெல்லாம் முன்னால் நான் ஒன்று கேட்பேன்: “ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா வண்டி எடுக்க உங்க தெருவுல யார் இருக்கா?” பேரும் நம்பரும் சொல்லச் சொல்வேன். யோசித்து நின்றால், என் மச்சான் நம்பரையும் அந்தப் பால் வண்டிக்காரப் பையன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச ஆரம்பிப்பேன்.